டெஸ்டர் மாமா

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிச்சத்திரம் தாண்டினால் தாமல். பெரிய ஏரி, சாலையோரம் டீக்கடை. அங்கே காரை நிறுத்தி இறங்குபவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தால் போதும், டெஸ்டர் மாமா வந்துவிடுவார். இப்படி ஒருவர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது? அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ரேஷன் கார்டில்.

சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் பிடி டெஸ்டர். ஊரில் எந்த வீட்டில் கரண்ட் போனாலும் முதலில் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே அவர் கை ராசியான கை. வம்பு, கார் வந்து நிற்கும்போதுதான்.

"இன்னா தம்பி, வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டி ஓடுதுண்ணே. சிகரெட் லைட்டர் பாயிண்ட்ல சார்ஜர் சொருகுனா எரியல. மேப் போட்ட செல்லு சாகப் போவுது."

"பானெட்டைத் தொற."

கோளாறு காருக்குள்ளே இருந்தாலும், பானெட்டைத் திறக்காமல் வைத்தியம் பார்ப்பது மாமாவுக்கு மரியாதைக் குறைவு. முதல் தீர்ப்பு, பேட்டரி வீக். ஹாரன் அலறிக் காட்டினால், ஆல்டர்னேட்டர். அதுவும் நன்றாக இருந்தால், எலி. எலியில் கொஞ்ச நேரம் தங்குவார். புகையிலை கட்டிவைக்கச் சொல்வார். எலிக்கும் தடயம் இல்லையென்றால் சென்சார். எந்த சென்சார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கடைசியில் டெஸ்டர் வெளியே வரும். முனையைப் பாயிண்டுக்குள் விட்டு, கட்டைவிரலைத் தலையில் வைத்து, மறு கையால் வெயிலை மறைத்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். டீக்கடையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"கரண்டே வரல."

வராதுதான். டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கு எரிய 60, 70 வோல்ட்டாவது வேண்டும். வீட்டில் 230 இருக்கிறது. கார் பேட்டரியில் இருப்பது 12. உலகத்தில் எந்தக் காரில் வைத்தாலும் மாமாவின் டெஸ்டர் இதே தீர்ப்பைத்தான் சொல்லும்.

டீ ஆற்றும் பையன் செல் டார்ச்சை அடித்துப் பார்த்தான். அடியில் பளபளவென்று ஒரு 50 பைசா. செல்லும் காசுதான், ஆனால் எந்தக் கடைக்காரரும் வாங்குவதில்லை. பாயிண்டின் நடுமுனை பிளஸ், சுற்றுச்சுவர் மைனஸ். இரண்டையும் அது ஒன்றாக இணைத்ததில் பீஸ் போய்விட்டது. சாவியை அணைத்துக் காசை எடுத்தார்கள். டிரைவர் முழங்காலுக்கு அருகே இருந்த பீஸ் பெட்டியில் நீல நிற 15 ஆம்பியர் பீஸ், நடுக்கம்பி அறுந்து கிடந்தது.

"ஒரு கம்பி சுத்துனா முடிஞ்சுது," என்றார் மாமா.

"அடுத்த தடவ பீஸுக்குப் பதிலா வயரே எரியும் மாமா," என்ற பையன், பெட்டிக்குள் ஸ்பேராக இருந்த இன்னொரு நீல பீஸைச் சொருகினான். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. செல்லும் உயிர்பெற்றது.

மாமா சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, டெஸ்டரை மறுபடியும் உள்ளே விட்டார். வெயிலை மறைத்தார். உற்றுப் பார்த்தார்.

"சார்ஜ் ஏறுது, சரி. ஆனா கரண்ட் இன்னும் வரல தம்பி. வேலூர் போனதும் யார்கிட்டயாவது காட்டிடு."