வெள்ளிக் கம்பியும் ஹால் சுவரும்

வெள்ளிக் கம்பியால் படம் வரையலாம் என்ற செய்தி என் கண்ணில் படாமல் போயிருந்தால் எங்கள் வீட்டு ஹால் சுவர் தப்பித்திருக்கும்.

படித்த மறுநாளே நகைப் பட்டறைக்குப் போய் ஒரு சாண் வெள்ளிக் கம்பி கேட்டேன். பத்தர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "பல்லுக்கா, காதுக்கா?" என்றார். "படம் வரைய" என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எடை போட்டுக் காசை வாங்கிக்கொண்டார். இத்தனைக்கும் அவர் முன்னால் உரைகல் கிடந்தது. அதில் தங்கத்தைத் தேய்த்தால் கோடு விழுகிறதல்லவா, அதே சங்கதிதான் இதுவும். வெறும் தாளில் வெள்ளி வழுக்கிக்கொண்டு போய்விடும். நுண்ணிய, கடினமான வெள்ளைப் பொடியைத் தாளில் பூசிக் காயவைத்தால், அந்தப் பொடி வெள்ளியை உராய்ந்து கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுதான் கோடு.

ஆல்பிரெக்ட் டியூரர் 1484-இல், 13 வயதில், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து இப்படித்தான் வரைந்தான். அந்தப் படம் வியன்னாவில் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சிறுவனால் முடிந்தது, பேரன் எடுக்கப்போகிற வயதில் என்னால் முடியாதா? இந்தக் கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது என்றும் போட்டிருந்தது. அதை நான் லட்சியம் செய்யவில்லை.

முதலில் பூச்சு. 1400 வாக்கில் எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி அதற்குச் செய்முறை சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு மேசைக்கடியில் கிடக்கும் கோழி எலும்பை எடுத்து, சாம்பலைவிட வெளுக்கும்வரை நெருப்பில் சுட்டு, கல்லில் அரைத்து, எச்சிலில் குழைத்துப் பலகையில் பூச வேண்டும். எங்கள் வீட்டு மேசைக்கடியில் மகனின் சாக்ஸ்தான் கிடக்கும். எனவே ஞாயிற்றுக்கிழமைக் குழம்பிலிருந்து நாலு எலும்பைக் கழுவி ஒளித்துவைத்து, மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டினேன். சற்று நேரத்தில் எதிர்வீட்டு மாமி ஜன்னலை அறைந்து சாத்தினார். அந்தச் சத்தத்துக்கு என் மனைவி மேலே வந்தாள். "ஏங்க, என் அம்மியில இதைக் கொண்டுபோய் வச்சீங்க..." அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. எச்சில் கட்டம்வரை விவகாரம் போகவே இல்லை.

சாம்பல்தானே, திருநீறு ஆகாதா என்று அடுத்து தோன்றியது. வெள்ளிப் பாத்திரம் துலக்க அதைத்தானே போடுகிறோம். உராயாமலா அந்தப் பளபளப்பு? தச்சர்கள் ஒட்டுகிற வஜ்ரம் வாங்கிவந்து, வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். கொதிக்க விடக்கூடாது. நான் கொதிக்க விட்டேன். எப்போதோ செத்த மாடு ஒன்று திரும்பி வந்து அடுப்படியில் நின்றது போல் வாடை. அதில் திருநீற்றைக் குழைத்துப் பூசிய தாள் காய்ந்ததும் அப்பளமாகச் சுருண்டது. நீவிப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். கோடு விழத்தான் செய்தது: சாம்பல் நிறத்தின்மேல் சாம்பல் நிறத்தில். அது ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. பூஜை அறை டப்பா காலியானது மட்டும் அம்மாவின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியாக வெள்ளைப் போஸ்டர் கலர். நீர்க்கக் கரைத்து, கெட்டித் தாளில், ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்ததைக் குறுக்காகப் பூச வேண்டுமாம். நான் ஊத்தப்பக் கனத்தில் ஒரே பூச்சாகப் பூசினேன்; கோடைக்காலக் கண்மாய் போல வெடித்தது. வெடிக்காத மூலையையும் கம்பி கிழித்துவிட்டது. வெட்டிய முனையை உப்புத்தாளில் தேய்த்து உருட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

தங்கத்தாலும் வரையலாம், அந்தக் கோடு கறுக்காது என்று சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில் சொன்னேன். மனைவி வளையல் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய் ஒரு பென்சிலைக் கொண்டுவந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குச் சரித்திரம் தெரியாது. ஆனால் உலகமும் அதைத்தான் செய்தது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேலில் நல்ல கிராஃபைட் கிடைத்ததும், வெள்ளிக் கம்பி மெல்ல மெல்ல மூலைக்குப் போயிற்று.

அன்று மத்தியானம் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு அடித்த வெள்ளைப் பெயிண்ட் சுவரில் புத்தம்புதிதாக மின்னியது. பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் வெள்ளையும் வெள்ளியைப் பிடிக்கும் என்று படித்திருந்தேன். சோதனைக்காக ஒரு விரற்கடை நீளம் இழுத்தேன். மூன்று வாரமாகத் தாளில் வராத கோடு அங்கே வந்தது! பட்டுநூல் மாதிரி மெலிசாக, தெளிவாக. கை நிற்கவில்லை. என் மூக்கை முழுசாக வரைந்து முடித்த பிறகுதான் ரப்பர் ஞாபகம் வந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். மூக்கைச் சுற்றி அழுக்கு வட்டம் ஒன்று வந்தது. மூக்கு அப்படியே இருந்தது.

இப்போது அங்கே தினசரிக் காலண்டர் தொங்குகிறது. தேதி கிழிக்கும் வேலையை நானே ஏற்றுக்கொண்டிருக்கிறேன். காற்றில் இருக்கும் கந்தகம் பட்டால் வெள்ளிக் கோடு நாளாவட்டத்தில் பழுப்பேறும் என்பார்கள். இன்று காலை தூக்கிப் பார்த்தேன். ஏறிவிட்டது.