துரைமாருக்குக் கிழவன் சொல்ற புத்தி

அமெரிக்கப் பட்டாளத்துத் துரைமாரே, இந்தக் கிழவனோட கும்புடு. உங்க குண்டைப் பத்திப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனா ஆசை ஆசையா ஒரு வெடி வைக்கப் போயி, ஊர்ச்சனத்துக்கிட்ட மூக்கறுபட்டுத் திரும்பினீங்களே, அதை நெனச்சா மனசு கேக்க மாட்டேங்குது. அதான் நாலு புத்தி சொல்லலாம்னு வந்தேன். காசு வேண்டாம்.

2003 மார்ச் 11-ல ஃப்ளோரிடா எக்ளின் விமானத் தளத்துல செஞ்சீங்க பாருங்க, அது வேலை! பத்து டன் எடையில ஒரு குண்டு. சரக்கு விமானத்தோட வால்பக்கமாத் தள்ளிவிட்டீங்க. சத்தம் கேக்கும், பயப்படாதீங்கன்னு சுத்துப்பட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வச்சீங்க. புகை எழும்புறதைப் படம் புடிச்சு டிவிக்கும் குடுத்தீங்க. வெடிச்சது ஃப்ளோரிடாவுல, நடுங்க வேண்டியது பாக்தாத்துல. ஒன்பதே நாள்ல ஈராக் சண்டையும் ஆரம்பம். 2007-ல ரஷ்யாக்காரனும், எங்க குண்டு அதைவிட நாலு மடங்கு வலுவுன்னு படம் காட்டினான். நல்ல போட்டி. நாங்களும் வேடிக்கை பார்த்தோம்.

அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரங்க 2006-ல எப்படிக் கோட்டை விட்டீங்க? நெவாடா சோதனைத் திடல்ல 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டையும் எண்ணெயையும் கலந்து குழியில கொட்டி வெடிக்கணும், கீழ இருக்கிற சுண்ணாம்புப் பாறைச் சுரங்கம் என்ன ஆகுதுன்னு பார்க்கணும். இதுதானே திட்டம்? ஜூன் 2-ன்னு நாளும் குறிச்சாச்சு.

முதல் புத்தி: நாக்கை அடக்குங்க. திட்டத்தை நடத்துன உங்க தலைவர் ஜேம்ஸ் டெக்னீலியா சும்மா இருந்தாரா? அணுகுண்டு சோதனை நின்ன பிறகு லாஸ் வேகாஸ் மேல காளான் மேகம் பார்க்கப் போறது இதான் முதல் தடவைன்னு பத்திரிகைக்காரங்ககிட்டப் பெருமையடிச்சார். தவளை தன் வாயாலதான் கெடும். அப்புறம் பூசி மெழுகி என்ன புண்ணியம்?

ரெண்டாவது: பட்ஜெட் தாளைப் பொட்டியில வச்சுப் பூட்டுங்க. வெளியில இது சாதா வெடின்னு சொல்றீங்க. உங்க தாள்ல என்னடான்னா, பாதாளச் சுரங்கத்தை உடைக்க எம்புட்டுச் சின்ன அணுகுண்டு போதும்னு கணக்குப் பார்க்கத்தான்னு எழுதியிருக்கு. சனம் படிச்சிருச்சு. 700 டன்னைத் தூக்கிட்டுப் போய்ப் போட உங்ககிட்ட விமானமே இல்லையேன்னும் கேட்டுருச்சு. படிச்ச சனத்துக்கு நடுவுல குடியிருக்கிறது கஷ்டம்தான்.

மூணாவதுதான் முக்கியம்: ஞாபகசக்தி இல்லாத ஊராப் பாருங்க. 1953-ல இதே திடல்ல வெடிச்ச அணுகுண்டோட தூசி, காத்துல ஏறி யூட்டாவுல செயின்ட் ஜார்ஜ் ஊர்மேல இறங்குச்சு. ஆபத்தில்லைன்னு அதிகாரிங்க சொன்னாங்க. அந்த வருசம் சீடர் சிட்டிப் பக்கம் ஆயிரக்கணக்குல ஆடு செத்துச்சு. தீவனம் பத்தாமச் செத்துச்சுன்னு சொன்னாங்க. ஆட்டுக்காரங்க கோர்ட்டுக்குப் போய் 1956-ல தோத்தாங்க. 1990-ல உங்க பாராளுமன்றமே மன்னிப்புக் கேட்டு, புற்றுநோய் வந்தவங்களுக்கு நஷ்டஈட்டுச் சட்டம் போட்டுச்சு. அந்தச் சனத்துக்கிட்டயே போயி, மண்ணுல கிடக்கிற பழைய தூசி எழும்பாது, நம்புங்கன்னு சொன்னா எப்படிங்கய்யா நம்புவாங்க? ஆடு வளர்க்கிறவன் எதை வேணாலும் மறப்பான், செத்த ஆட்டுக் கணக்கை மறக்கவே மாட்டான். இது எங்க நிலம், 1863-லயே உடன்படிக்கை இருக்குன்னு மேற்கு ஷோஷோனிப் பழங்குடிகளும் வழக்குப் போட்டாங்க.

நாலாவது: வெடியைப் பத்தி ஊர்ச்சனத்துக்குச் சொல்லக் கூட்டம் போட்டா, அவங்களையும் பேச விடுங்க. விளக்கப் படங்களை ஒட்டிவச்சு, பக்கத்துல ஒரு ஆளையும் நிறுத்திட்டா அதுக்குப் பேரு கூட்டமா? வாயடைச்சா சனத்துக்குக் கோவம் ரெண்டு மடங்காகும். கடைசியில 2007 பிப்ரவரியில திட்டத்தையே சுருட்டி வச்சீங்க. 700 டன் வெடிமருந்து, ஒரு திரி கொளுத்தாமலே நமுத்துப் போச்சு.

இம்புட்டும் ஞாபகம் வச்சிருக்க முடியலையா? ஒண்ணே ஒண்ணு செய்யுங்க, போதும். அடுத்த தடவை வெடிக்க நாள் குறிச்சதும், காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு பார்த்து, அந்தப் பக்கத்து ஊருல உங்க பொண்டாட்டி புள்ளைங்களைக் கொண்டுபோய் ஒரு மாசம் குடிவைங்க. அதுக்கப்புறம் எதிர்த்துக் கேள்வி கேக்க ஒருத்தன் வரமாட்டான். கேள்வியெல்லாம் உங்க வீட்டுலயே கேட்டுருவாங்க.