எலிகளைக் காலி செய்த கதை

1775 ஜனவரி 17. கேப்டன் ஜேம்ஸ் குக் தெற்கு அட்லாண்டிக்கில் பனி மூடிய ஒரு கரையில் இறங்கி, கொடியை நட்டு, துப்பாக்கி வெடித்து, “இந்த நிலம் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சொந்தம்” என்று அறிவித்தார். சுற்றி இருந்தவை பென்குவின்களும் சீல்களும்தான். ஆட்சேபணை எதுவும் வரவில்லை. குக் தேடி வந்தது என்னவோ மாபெரும் தென்கண்டத்தை. ஆனால் கரையோரமாகவே போய்ப் பார்த்தால், தெற்கு முனையில் நிலம் முடிந்துவிட்டது. வெறும் தீவு! கடுப்பில் அந்த முனைக்கு ‘ஏமாற்ற முனை’ என்று பெயர் வைத்தார். தீவுக்கு மன்னர் பெயர். அதுதான் தெற்கு ஜார்ஜியா.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். அங்கே சீல்கள் ஏராளம் என்று எழுதித் தொலைத்தார். 1786 முதல் தோல் வியாபாரிகள் படையெடுத்தார்கள். 1800-01 பருவத்தில் எட்மண்ட் ஃபானிங் என்ற அமெரிக்கக் கேப்டனின் ஒரே கப்பல் 57,000 தோல்களோடு போனது. இவ்வளவு எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் தராமல் போனால் நன்றாகவா இருக்கும்? எலிகளை இறக்கிவிட்டுப் போனார்கள்.

எலிகளுக்கு அது சொர்க்கம். பாம்பு கிடையாது, பூனை கிடையாது. மரமே கிடையாது என்பதால் பறவைகள் தரையிலும் வளையிலும்தான் முட்டையிட்டாக வேண்டும். உலகில் வேறெங்கும் இல்லாத தெற்கு ஜார்ஜியா நெட்டைக்காலி, எலி ஏறாத சின்னச் சின்னத் திட்டுகளுக்கு ஒதுங்கி உயிர் பிழைத்தது.

1904-இல் வந்தவர் கார்ல் ஆன்டன் லார்சன். ஆள் நார்வேக்காரர், முதலீடு புவெனஸ் அயர்ஸ், தீவு பிரிட்டனுடையது, உயிர் மட்டும் திமிங்கிலத்துடையது. தீவில் கிரிட்விக்கன் என்ற இடத்தில் திமிங்கில ஆலை எழும்பியது. 1965-க்குள் அந்தத் தீவின் ஆலைகளில் அறுபட்ட திமிங்கிலங்கள் 1,75,250. நடுவில் இறைச்சிக்காக ரெயின்டீர் மான்களை இறக்கினார்கள். 1913-இல் தேவாலயமும் கட்டினார்கள். வந்த பாதிரியாரோ, தொழிலாளிகளின் பக்தி போதவில்லை என்று அலுத்துக்கொண்டார். பகலெல்லாம் திமிங்கிலக் கொழுப்பில் வழுக்கி விழுந்தவன் மாலையில் ஜெபத்துக்கு நேராக நிற்பானா?

திமிங்கிலம் தீர்ந்ததும் ஆலைகளை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவற்றில் சிலவற்றை உடைத்து எடைக்குப் போட அர்ஜென்டினாவின் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் ஒப்பந்தம் எடுத்தார். 1982 மார்ச் 19-இல் அவருடைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூடவே அர்ஜென்டினா கொடியும் ஏறியது. இரண்டே வாரத்தில் ஃபாக்லாந்து போர். பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய இரும்புக்காக இரண்டு நாடுகள் கப்பல்படை அனுப்பியதாக எதிர்காலத்தில் யாராவது சொன்னால், முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

இந்தக் குப்பைக்கெல்லாம் வாரிசாக 2005-இல் வந்து சேர்ந்தது தெற்கு ஜார்ஜியா பாரம்பரிய அறக்கட்டளை. அலுவலகம் ஸ்காட்லாந்தின் டண்டீயில். கிரிட்விக்கன் ஆலை மேலாளரின் பழைய பங்களாவில் இருக்கும் அருங்காட்சியகத்தை நடத்துவது அதன் ஒரு வேலை. எலிகளை ஒழிப்பது இன்னொரு வேலை. சீனியாரிட்டி பார்த்தால் இது அநியாயம். தேவாலயத்துக்கும் ஆலைக்கும் ஒரு நூற்றாண்டு முந்தியது எலி. ஆனால் பாரம்பரியச் சின்னம் என்று பெயர் வாங்கியது துருப்பிடித்த கொப்பரை. எலிக்குக் கிடைத்தது விஷம்.

வேலை லேசானதல்ல. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம். ஒரு சினை எலி தப்பினாலும் அத்தனையும் வீண். கை கொடுத்தவை பனியாறுகள். எலியால் அவற்றைத் தாண்ட முடியாது என்பதால், தீவு ஏற்கெனவே அறை அறையாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஆனால் பருவநிலை மாறிப் பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன; சுவர் விழுவதற்குள் ஒவ்வோர் அறையாக முடித்தாக வேண்டும். 2011, 2013, 2015 என மூன்று கட்டமாக, பழைய ஹெலிகாப்டர்களின் அடியில் வாளி கட்டி, சுமார் 300 டன் விஷத் தீனியைத் தூவினார்கள். செலவு ஏறக்குறைய ஒரு கோடி பவுண்டு. மான்களைத் தீவின் அரசே தனியாகக் கணக்கு முடித்தது.

பிறகு சோதனை. கடலை வெண்ணெய் தடவிய குச்சிகளை வளைகளிலும் புல் புதர்களிலும் நட்டுவைத்து, பல்தடம் விழுகிறதா என்று பார்த்தார்கள். மூன்று மோப்ப நாய்கள் தீவெங்கும் முகர்ந்தன. எலி வாடையே இல்லை. 2018 மே மாதம் எலியற்ற தீவு என்று அறிவித்தார்கள். நெட்டைக்காலி, எலி ஆண்ட பழைய இடங்களில் திரும்பக் கூடு கட்டுகிறது.

இப்போது அங்கே இறங்குகிற ஒவ்வொருவரின் பூட்ஸையும் சுரண்டி, சட்டைப்பையை உதறி, வெல்க்ரோவில் ஒட்டிய புல்விதையைக்கூட இடுக்கியால் பிடுங்கச் சொல்கிறார்கள். இந்தச் சோதனையை 1775-இலேயே வைத்திருந்தால், ஒரு கோடி பவுண்டு மிச்சம்.

நீங்கள் போவதாக இருந்தால் ஒன்று: விமான நிலையம் கிடையாது. ஃபாக்லாந்திலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் கப்பல் பயணம். பையை வீட்டிலேயே ஒரு முறை நன்றாக உதறிவிட்டுக் கிளம்புங்கள்.