வாயைத் திறங்க, பார்ப்போம்!

எங்க பக்கம் புற்றுநோய்னு சொன்னதுமே திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குத்தான் வண்டி பிடிக்கிறாங்க. அங்கே வைத்தியம் மட்டும்தானா, ஆராய்ச்சியும் உண்டா? (வாசகர், மார்த்தாண்டம்)

உண்டு. 1981-ல் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் தலைமையில் உருவான மண்டலப் புற்றுநோய் மையம் அது. அங்கிருந்து வந்த வாய்ப்புற்று ஆய்வு 2005-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. கட்டுரையின் முதல் பெயர் ரெங்கசாமி சங்கரநாராயணன். ஆர்.சி.சி.யில் பணியாற்றி, பிறகு பிரான்சின் லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமைக்குப் போனவர்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்கள்? (வாசகி, நாகர்கோவில்)

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 1996-ல் தொடங்கி, 35 வயது தாண்டிய சுமார் 1,90,000 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடு வீடாகப் போனார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. உதட்டை விலக்கி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, அண்ணம் எல்லாம் பார்ப்பார்கள். வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மூன்று சுற்று.

புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்தது. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதையும் அதே கட்டுரையில் எழுதிவைத்தார்கள். எனக்கு இந்த ஆய்வின் மேல் மதிப்பு கூடியது அந்த இடத்தில்தான். யார் வாயை முதலில் பார்க்க வேண்டும் என்று அதனால்தானே தெரிந்தது!

எச்-இன்டெக்ஸ் என்கிறார்களே, அது என்ன? (வாசகர், திருநெல்வேலி)

ஓர் ஆய்வாளரின் 40 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 40. 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. வயது ஏற ஏற ஏறும், இறங்காது. நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுசாக ஒன்று.

மகள் புற்றுநோய் ஆராய்ச்சியில் பிஎச்.டி. சேரப் போகிறாள். கட்டுரை எண்ணிக்கையை வைத்து வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கலாமா? (வாசகி, மதுரை)

எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். மருத்துவ ஆய்வில் பெரும்பாலும் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது. அவர் கடைசியில் நின்று, மாணவர்களை முதலில் நிறுத்தியிருக்கிறாரா பாருங்கள். அங்கே படித்து முடித்த இரண்டு பேரிடம் மகளையே பேசச் சொல்லுங்கள்.

மேற்கோள் அதிகம் என்றால் செல்வாக்கும் அதிகம்தானே? (வாசகர், கோவை)

பாதி சரி. மீதிப் பாதியை ஊசி போடும் இடத்தில் பார்க்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுக்கான எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று சங்கரநாராயணன் குழு இந்தியாவில் 2009-ல் ஆய்வு தொடங்கியது. 2010-ல் இத்தகைய ஆய்வுகளில் ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. ஏறத்தாழ 5,000 சிறுமிகளுக்கு ஒரே டோஸ்தான் கிடைத்திருந்தது. ஆய்வு பாழ் என்று கைகழுவியிருக்கலாம். அவர்கள் அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஒற்றை டோஸும் நன்றாகவே காக்கிறது என்று தெரிந்தது. மற்ற நாட்டு ஆய்வுகளோடு அதையும் பார்த்துத்தான் 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றை டோஸை ஏற்றது.

திண்டுக்கல் ஆய்வில் ஒரு பகுதிப் பெண்களுக்குப் பரிசோதனையே செய்யவில்லையாமே. நியாயமா? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

கேட்க வேண்டிய கேள்வி. கருப்பைவாய்ப் புற்றுக்காக சங்கரநாராயணன் குழு நடத்திய ஆய்வுதான் அது. நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை அதில் நடந்தது. 2007-ல் முடிவு வந்தது: பரிசோதனை கிடைத்த பிரிவில் கருப்பைவாய்ப் புற்று இறப்பு 35 சதவீதம் குறைவு. மறுபிரிவில் 30,958 பெண்கள். வழக்கமான சிகிச்சை மட்டுமே அவர்களுக்கு. அன்றைக்கு மாவட்டத்தில் பரிசோதனைத் திட்டமே இல்லை, நர்ஸ்கள் செய்தால் உயிர் மிஞ்சுமா என்பதும் தெரியாது என்பது ஆய்வாளர்கள் பக்கம். பலன் தரும் பரிசோதனை வேறு இருந்ததே என்பது எதிர்ப்பு. என் மனசு எதிர்த்தவர்கள் பக்கமே சாய்கிறது. அந்த 35 சதவீதத்தில் மறுபிரிவுப் பெண்களின் சாவும் கணக்கில் இருக்கிறது.

முறுக்கான் போடும் அப்பாவுக்கு வீட்டிலேயே பார்க்கலாமா? (வாசகர், தக்கலை)

இன்றைக்கே. நல்ல வெளிச்சத்தில், செல்போன் டார்ச் போதும். வெற்றிலையை அடக்கும் கன்னத்தை முதலில் பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தடம் இருந்தால் பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.