சைக்கிளை விட்டு இறங்கியவர்கள்

நான் வளர்ந்த சபாக் தோட்டத்தில் ஆம்பளை அழுவதற்கு இரண்டே இடங்கள். ஒன்று சாவு வீடு, இன்னொன்று கள்ளுக்கடை. சாவு வீட்டில் அழுதால் பாசக்காரன். கள்ளுக்கடையில் அழுதால் போதை. வேறெங்கும் கண் கலங்கினால், "பொட்டப் புள்ள மாதிரி என்னடா இது?" என்று சிறுவனாக இருக்கும்போதே அதட்டி அடக்கிவிடுவார்கள்.

அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போவார். அங்கே எல்லார் முன்னாலும் மண்டோர் ஏசினால் தலையைக் குனிந்துகொள்வார். அந்த ஏச்சு சாயங்காலம்தான் வீடு வந்து சேரும். சோற்றுத் தட்டு சுவரில் போய் விழும். அம்மா வாய் திறக்காமல் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளுவார். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமா இருமிக்கொண்டே வாசலில் வந்து நிற்பார். "அண்ணே, வாங்க, ஒரு நடை போயிட்டு வருவோம்." இருவரும் வாய்க்கால் கரையோரம் நடப்பார்கள். பாதி நேரம் பீடிதான், பேச்சு இருக்காது. திரும்பி வரும்போது அப்பாவின் முகம் தணிந்திருக்கும்.

அப்பாவை நான் நியாயப்படுத்தவில்லை. அம்மா பட்டது பட்டதுதான். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்துகொள்ள எங்கள் சிலாங்கூர் மாநிலத்தின் பழைய கதையைப் படிக்க வேண்டியிருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வோடு வேறு சில கோரிக்கைகளும் வைத்தார்கள். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வந்ததில் எனக்கு வியப்பில்லை. பகலில் சைக்கிளை விட்டு இறங்கியவன்தானே இருட்டியதும் கள்ளுக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தான்! நாதனை நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள்.

இன்று துரையும் இல்லை, எங்கள் லயமும் இல்லை. செம்பனை வெட்டுவது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். எங்கள் பிள்ளைகள் கோலசிலாங்கூர், கிள்ளான் என்று அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள்.

அப்படிப் போனவன்தான் என் சித்தப்பா மகன். லாரி ஓட்டுகிறான். கடன் கழுத்தை நெரித்தபோது யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் உயிரை விடத் துணிந்துவிட்டான், நல்லவேளை பிழைத்துக்கொண்டான். ஆனால் வீட்டார் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லவில்லை, வயிற்றுவலி என்று சாதித்தார்கள். காரணம், போலீஸ் பயம். அப்போது மலேசியாவில் தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவின்படி குற்றம், ஓராண்டு வரை சிறை. சாக நினைத்தவனை ஆறுதல்படுத்த வேண்டிய நேரத்தில் அவனை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவை 2023இல்தான் நீக்கினார்கள்.

"யார்கிட்டண்ணே சொல்றது? சொன்னா சிரிப்பாங்க" என்றான் என்னிடம். அவன் குடியிருக்கும் மாடியில் சுவர் கெட்டியான சிமெண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது.

தேசியத் தற்கொலைப் பதிவேடு 2009இல் பதிவு செய்த 328 மரணங்களில் ஒரு பெண்ணுக்குக் கிட்டத்தட்ட மூன்று ஆண்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இந்தியர்களின் விகிதமே அதிகம். இது நம் வீட்டுக் கணக்கு.

அண்ணன் தம்பிகளே, உங்களில் ஒருவன் சில நாளாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் காரணம் கேட்டுக் குடையாதீர்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், ஒரு நடை கூட்டிப் போங்கள். அவன் அழுதால் அழ விடுங்கள். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பை அழையுங்கள்: 03-7627 2929. தவிப்பவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதையே 1970 முதல் வேலையாக வைத்திருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.