மூளை கழுவ ஒரு பொடியாம்!

ஏலே பேராண்டி, இங்க வா. கையில என்னல டப்பா? மூளை டீடாக்ஸ் பொடியா? 1,800 ரூவாயா! குடிச்சா மண்டைக்குள்ள இருக்க அழுக்கெல்லாம் போயிருமாக்கும்? எந்த வழியாப் போகும்னு டப்பாவுல போட்டிருக்கானா?

வழி இருக்குடே. நானும் பேப்பர் படிக்கவன்தான். 2012-ல அமெரிக்காவுல, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல, மைக்கன் நெடர்கார்டுன்னு ஒரு அம்மாவும் கூட்டாளிகளும் எலி மண்டைக்குள்ள பாத்துச் சொன்னாக. மூளையச் சுத்தி ஒரு தண்ணி நிக்குல்லா, மனுசனுக்கு மொத்தமே 150 மில்லிதான். ஆனா நாளைக்கு அரை லிட்டர் புதுசா ஊறுது. அது ரத்தக்குழாய் ஓரமா உள்ள எறங்கி, அமிலாய்டு மாதிரிக் கழிவுப் புரதத்தைத் தள்ளிக்கிட்டு வெளிய வருதாம். மறுவருசம் இன்னொண்ணு சொன்னாக: எலி தூங்கயில செல்லுக்கு நடுவுல உள்ள எடம் 60 சதவீதம் கூடுது, கழிவும் வெரசாப் போவுது. கடைத்தெருவைக் கூட்டணும்னா கடையை அடைக்கணும்லா? நீ ராத்திரி 2 மணி வரைக்கும் ரீல்ஸ் பாத்து யாவாரம் நடத்துதே!

கழிவு தேங்குனா என்ன ஆவும்? மைக்ரோகிளியான்னு காவக்காரச் செல்லு இருக்கு. குப்பையைத் திங்கதுதான் அதுக்குச் சோலி. குப்பை தீராட்டா ஓயாம வீங்கி மல்லுக்கு நிக்கும். அந்த அழற்சியில நல்ல நரம்பும் சேந்து கெடும். அல்சைமர், பார்க்கின்சன்காரங்க மூளையில இதைப் பாத்திருக்காக. எது முந்தி, எது பிந்தின்னுதான் இன்னும் தீரல.

அதுக்காக, தூங்குனா மறதி நோய் வராதுன்னு நான் எழுதிக் குடுக்கல. எங்க அண்ணன் கட்டையச் சாச்சா கோழி கூவத்தான் எந்திரிப்பாரு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு.

இன்னொரு கூத்து கேளு. 2024-ல லண்டன் இம்பீரியல் காலேஜ்காரங்க அதே எலியை வச்சு, தூங்கயில கழிவு கம்மியாத்தான் போவுதுன்னு சொல்லிட்டாக! இப்ப ரெண்டு கட்சியும் மல்லுக்கட்டுது. படிச்சவனுக்கே தீராத வழக்குக்கு, பொடி விக்கவன் எப்பிடில தீர்ப்பு எழுதி லேபிள் ஒட்டுனான்?

அது என்ன மணிக்கட்டுல? தூக்கத்தை அளக்குத வாட்சா? நேத்து நடுச்சாமத்துல எந்திரிச்சு எந்திரிச்சு, எவ்வளவு தூங்கியிருக்கோம்னு அதைத்தானே பாத்தே? கழட்டி வைல. லைட்டை அமத்து. ஒனக்கு வராட்டாலும் எனக்குக் கண்ணு சொக்குது.