வால்வு சார்

வட ஆற்காட்டைப் பிரித்து 1989-இல் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் பின்னால் வேங்கிக்காலுக்கு வந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் பக்கத்திலேயே மனை வாங்கி, வீடு கட்டி, ரிட்டையரும் ஆனார்கள். ஆனபிறகு பெரும்பாலோர் கிரிவலம், பேரப்பிள்ளை, பங்காளி மேல் போட்ட கேஸ் என்று ஏதோ ஒன்றில் அடங்கிவிடுகிறார்கள். அடங்காதவர்களில் உயர்ந்த ரகம் வால்வு சார்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நின்று, துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு, "இதுலயா கேக்கறீங்க?" என்பார். என்ன பாட்டு, யார் பாடியது என்பதெல்லாம் அவருக்கு அநாவசியம். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார்களே, அன்றைக்கே சங்கீதம் செத்துவிட்டது என்பது அவர் கட்சி. வீட்டு ஹாலில் உட்கார்ந்து சிம்பொனி கேட்க, டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழலான வால்வில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும். வாழ்க்கையில் மிச்சமிருக்கும் ஆசை அது ஒன்றுதான்.

இந்த ஆசை எப்போது பிடித்தது என்பதில் இரண்டு தகவல் உண்டு. 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டை நாடா அறுந்து போகிறவரை கேட்டவன் நான் என்பார் அவர். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது; "அதுக்கு மறுநாள்தான் ஆரம்பிச்சுது" என்பார் அவர் மனைவி. அந்த அம்மாள் சொல்வதுதான் சரி. கோப்பு திறக்கப்பட்ட தேதி மார்ச் 9.

ஆமாம், கோப்பு. பழுப்பு அட்டை, நாடா, பக்க எண், எல்லாம் முறைப்படி. 'பொருள்: வால்வு ஆம்ப்ளிஃபயர் கொள்முதல் செய்தல் – தொடர்பாக.' அதன் கீழே பார்வை 1, பார்வை 2 என்று வரிசையாகப் போகிறது. பணியில் இருந்தவரை பச்சை மையில் கையெழுத்துப் போடும் அந்தஸ்து அவருக்கு வரவில்லை. இந்தக் கோப்பு முழுக்கப் பச்சை மைதான்.

ஒப்பீட்டுப் பட்டியலில் கடைசிச் சுற்றுவரை தாக்குப்பிடித்தவை இரண்டு. ஒன்று 300-பி. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி 1930-களில், பேசும் படம் காட்டும் கொட்டகைகளின் ஆம்ப்ளிஃபயருக்காகச் செய்த வால்வுக் குடும்பத்தில் வந்தது. ஒற்றையாக நிறுத்தினால் எட்டு வாட் தரும். கெஞ்சினாலும் அதற்கு மேல் பெரிதாகத் தராது. ஆனால் வயலினும் புல்லாங்குழலும் அதில் உருகி வழியும். காரணம் இருக்கிறது. அது தன் பங்குக்குச் சேர்க்கிற கலப்படம் பெரும்பாலும் இரண்டு மடங்கு அதிர்வெண்; அதாவது 'ச' பிடித்தால் மேல் 'ச'வும் சன்னமாகக் கூடவே வரும். கலப்படம் சுருதியோடு சேர்ந்துவிட்டால் யார் புகார் கொடுப்பார்கள்?

மற்றது இ.எல். 34. ஜோடியாக எதிரும் புதிருமாக நிறுத்தி வேலை வாங்கினால் முப்பது வாட்டுக்கு மேல் கிடைக்கும். அந்த மேல் 'ச' கலப்படம் பெருமளவு தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு போய்விடும். டிரம்பெட்டும் டிம்பனியும் சேர்ந்து எழும்பும் இடத்தில் மூச்சு வாங்காது.

சிக்கலே இந்த எழும்பும் இடத்தில்தான். சினிமாப் பாட்டைப் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் அமுக்கித்தான் பதிகிறார்கள். சிம்பொனியில் ஓபோ ஒன்று தனியாக முனகும். அடுத்த நிமிஷம் எண்பது பேர் சேர்ந்து முழங்குவார்கள். இரண்டுக்கும் இடையே 40 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், ஆம்ப்ளிஃபயர் தரவேண்டிய சக்தியில் அது பத்தாயிரம் மடங்கு. எட்டு வாட்டைப் பத்தாயிரத்தால் வகுத்து, வந்த விடையைச் சார் கோப்பில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். வேலூர் ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்தால் அந்த விடை காணாமல் போய்விடும். எனவே கேட்கும் நேரம் அதிகாலை மூன்று மணி என்று முடிவாயிற்று. பௌர்ணமி நாட்கள் 'உகந்தவை அல்ல' என்று ஓரக்குறிப்பு.

மின்சாரத்துக்குத் தனிப் பதிவேடு. 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் மாலையில் என்ன வருகிறது என்று மீட்டர் வைத்துக் குறித்துக்கொள்வார். இ.எல். 34 வால்வுக்குள் இருக்கும் இழை 6.3 வோல்ட்டில் சூடேற வேண்டும். லைன் இறங்கினால் அதுவும் இறங்கும், சுருதியே போய்விடும் என்பார். சுருதி போகாது, பலம்தான் குறையும். இதை அவரிடம் சொன்னவர்களுக்குக் காப்பி கிடைத்ததில்லை.

இன்றைக்கு வால்வு செய்யும் பெரிய தொழிற்சாலைகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. ஒருகாலத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நம் ரேடியோக்களுக்கு வால்வு செய்தது. அந்தக் கதை முடிந்துவிட்டது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வு வரத்து தடைப்பட்டு, உலகமெங்கும் விலை ஏறியது. மறுபடி அப்படி ஆகிவிட்டால்? சார் முன்ஜாக்கிரதையாக உபரி வால்வுகள் வாங்கிவிட்டார். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயர்தான் இன்னும் வாங்கவில்லை.

மார்கழியில் சென்னை நண்பர் ஒருவர் தன்னுடைய இ.எல். 34 செட்டை ஒரு வாரம் பார்க்கக் கொடுத்தார். நான்கு வால்வும் சேர்ந்து நூறு வாட்டுக்கு மேல் வெப்பமாகவே வெளியே தள்ளும். அக்னித் தலத்தில் அதற்கென்ன குறைச்சல் என்று கேட்கலாம். ஆனால் மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்காமல் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருந்த வீடு அது. அம்மாள் மாவுப் பாத்திரத்தைக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்தார். ஏழு நாளும் இட்லி பூவாய் வந்தது. "உள்ளே நானூறு வோல்ட் ஓடுது, ஸ்விட்சை அணைச்சாலும் கொஞ்ச நேரம் நிக்கும்" என்று சார் அலறியது எடுபடவில்லை.

அந்த வாரத்தில் ஒரு விடியற்காலை, புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்து 2005-இல் வந்த இளையராஜாவின் 'திருவாசகம்' சிம்பொனியைப் போட்டார். குழுவினர் எழும்பப் போகிற நேரம். தெருக்கோடிக் கோயில் குழாய் ஸ்பீக்கரில் திருவெம்பாவை புறப்பட்டது. மாணிக்கவாசகர் இந்த மலையடிவாரத்தில்தான் அதைப் பாடினார் என்பது ஐதீகம். பாடிய ஊரில் அவருக்கு முன்னுரிமை உண்டு. முப்பது வாட்டும் புடாபெஸ்ட்டும் இருந்த இடம் தெரியாமல் போயின.

காலையில் மைக்செட்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். சண்டைக்கு என்று நினைத்து அவர் தயாராகவே வந்தார்.

"ஏம்பா, அந்தக் குழாய்க்கு எத்தினி வாட் குடுக்கறே?"

"பத்துக்கு உள்ளதான் சார். வயசானவங்க தூங்கறாங்கன்னு மெதுவாத்தான் வெச்சிருக்கேன்."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க ஸ்பீக்கர் எத்தினி டிபி சார்?"

"எண்பத்தெட்டு."

"அத மாத்துங்க சார். எங்கப்பா காலத்துல வால்வு ஆம்ப்ளிஃபயர்தான். தென்னமரத்துல ரெண்டு குழாய் கட்டுவாரு, மூணு ஊருக்குக் கேக்கும். ஆம்ப்ளிஃபயர மாத்தி இன்னா பிரயோஜனம்?"

ஒரே சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதுதான் ஸ்பீக்கரின் டிபி, அதாவது டெசிபல் கணக்கு. ஒலி 3 டெசிபல் ஏற வேண்டுமானால் சக்தி இரட்டிக்க வேண்டும். 88 டெசிபல் ஸ்பீக்கரில் 64 வாட் போட்டுச் செய்கிற வேலையை 97 டெசிபல் ஸ்பீக்கர் எட்டு வாட்டில் செய்துவிடும். 1930-களின் கொட்டகைகளில் எட்டு வாட் போதுமாக இருந்ததும் குழாய் ஸ்பீக்கரின் தயவில்தான். இத்தனை பக்கக் கோப்பில் ஸ்பீக்கருக்கு ஒரு பத்தி கூட இல்லை. தென்னைமரம் ஏறியவருக்கு அது முதல் கேள்வி.

சார் அசரவில்லை. அன்றே இரண்டாவது கோப்பு திறந்தார். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1946-இல் தொடங்கிய 'கிளிப்ஷ்ஹார்ன்' என்ற பெட்டி பட்டியலில் ஏறியது. நெஞ்சளவு உயரம், அறை மூலையில் ஒட்டி வைத்தால் இரண்டு சுவர்களையே தன் குழாயின் நீட்சியாக்கிக்கொண்டு அடிநாதத்தை எழுப்பும். ஸ்டீரியோவுக்கு இரண்டு மூலை வேண்டும். ஹாலில் ஒரு மூலையில் ஃபிரிட்ஜ். ஈசானிய மூலையில் பூஜை அலமாரி. ஆகவே ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரை இடித்துப் புது மூலைகள் உண்டாக்குவது என்று முன்மொழிவு எழுதி, டேப் வைத்து அளந்து, வரைபடமும் இணைத்து அம்மாளின் பார்வைக்கு வைத்தார்.

அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்தார்.

"இந்த வீட்டுப் பட்டா என் பேர்ல இருக்குங்க. அதையும் பார்வைல சேர்த்துக்குங்க."